வீட்டு வாடகைத் தரகரிடம் கையெழுத்திடும் முன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் விவசாயத்துடன் வீட்டு வாடகையும் ஒரு வருமானமாகி விட்டது. ராகியும் தக்காளியும் ரோஜாவும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், சாலையோரத்தில் உள்ள சிறிது நிலத்தில் நாலைந்து வரிசை வீடுகளைக் கட்டித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மழை பொய்த்த ஆண்டிலும் மாதாமாதம் வரும் பணம் இது. ஆனால் குடிவைக்க ஆள் தேடவும், வாடகை வசூலிக்கவும் நேரமின்றி, பொறுப்பைத் தரகரிடம் விட்டு விடுகிறோம். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

இருவகைத் தரகர்

ஆள் தேடித் தருவதோடு விலகிக் கொள்பவர் ஒரு வகை. ஒரு மாத வாடகையோ, அதில் பாதியோ ஒரே முறை கமிஷன் பெறுவார். மற்றொரு வகையினர் வாடகை வசூல், ரிப்பேர், காலி செய்வித்தல் எல்லாவற்றையும் ஏற்று, மாதந்தோறும் வாடகையில் ஒரு பங்கைப் பிடித்துக் கொள்வார்கள். உங்களுக்கு எந்த வகை தேவை என்பதை முதலில் தீர்மானியுங்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் விவசாயிக்கு முதல் வகையே போதும்.

ஒரு கணக்கு

நான்கு வீடுகள், வீட்டுக்கு மாதம் 6,000 ரூபாய் வாடகை என்று வைத்துக் கொள்வோம். ஆண்டு வாடகை 2,88,000 ரூபாய். ஆள் தேடித் தர ஒரு மாத வாடகை என்றால் 24,000 ரூபாய். வசூலுக்கு நூற்றுக்குப் பத்து என்றால் 28,800 ரூபாய். பதினோராம் மாத முடிவில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அரை மாத வாடகை என்றால் 12,000 ரூபாய். ஆக மொத்தம் 64,800 ரூபாய். அதாவது ரூபாய்க்கு 22½ காசு தரகருக்குப் போய்விடும். வரியும் ரிப்பேரும் இதற்கு மேல். தனித்தனியே கேட்டால் சிறிதாகத் தோன்றும் கமிஷன், கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

புதுப்பிப்புக் கமிஷன்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதனால்தான் வாடகை ஒப்பந்தங்களைப் பதினொரு மாதத்துக்கு எழுதும் வழக்கம் ஏற்பட்டது. இதைச் சாக்காக வைத்து, பதினொரு மாதத்துக்கு ஒரு முறை தரகர் கமிஷன் கேட்பதுண்டு. இராயக்கோட்டை மண்டியில் தக்காளி விற்றால் கமிஷன் கொடுக்கிறோம். அதே வியாபாரி அடுத்த முறை நம் தோட்டத்துக்கே நேரில் வந்து வாங்கினால் மண்டிக்குக் கமிஷன் உண்டா? வீட்டுக்கும் அதே நியாயம்தான்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தனியாக வேறு ஷரத்து இல்லாவிட்டால், ஏற்ற வேலையை முடித்த பிறகே முகவருக்கு ஊதியம் சேரும். ஆகவே புதுப்பிப்புக் கமிஷன் எழுதப்படவில்லை என்றால், எந்த வேலையும் செய்யாமல் அதைக் கேட்க வழியில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மறுப்பது கடினம்.

இங்கிலாந்திலும் இதே தகராறு நீதிமன்றம் வரை போயிற்று. ஃபாக்ஸ்டன்ஸ் என்ற தரகு நிறுவனம், குடியிருப்பவர் தொடர்ந்து இருந்தாலே வீட்டுக்காரரிடம் மீண்டும் கமிஷன் பெறும் ஷரத்தைப் பொடி எழுத்துக்களுக்கிடையே வைத்திருந்தது. அந்நாட்டு நியாய வர்த்தக அலுவலகம் தொடர்ந்த வழக்கில், வீட்டுக்காரரின் கண்ணில் படும்படி தெளிவாகச் சொல்லப்படாத அந்த ஷரத்து நியாயமற்றது என்று 2009-இல் தீர்ப்பாயிற்று. நம் விவசாயி நீதிமன்றம் போகாமல், கையெழுத்துக்கு முன்பே படித்துப் பார்ப்பதே மேல்.

முன்பணம் யார் கையில்?

உங்கள் சார்பில் தரகர் வாங்கும் முன்பணம், நீங்களே வாங்கியதற்குச் சமம். அவர் அதைக் கொடுக்காமல் போனாலும், காலி செய்யும்போது குடியிருப்பவர் உங்களைத்தான் கேட்பார். கண்ணால் காணாத பணத்தைக் கடன் வாங்கித் திருப்ப நேரிடும். இதைவிட மோசமானதும் உண்டு. மாத வாடகை தருவதாகச் சொல்லி உங்களிடம் வீட்டை எடுத்து, வேறொருவரிடம் பெருந்தொகை வாங்கிக் கொண்டு போக்கியத்துக்கு விட்டு, ஓடிப்போகும் மோசடி அது. பெங்களூரில் இத்தகைய புகார்கள் எழுந்திருக்கின்றன. ஆகவே முன்பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் வர வேண்டும். குடிவருபவரை நீங்களே ஒரு முறை நேரில் கண்டு, வாடகை எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். தரகர் உங்களுக்குத் தெரியாமல் 7,500 ரூபாய் வாங்கி 6,000 ரூபாய் கொடுத்தால், மிகுதி 1,500 ரூபாயும் சட்டப்படி உங்களைச் சேர்ந்ததே.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

1. கமிஷன் எவ்வளவு, எந்த வேலைக்கு, எப்போது என்பது தொகையாகவே இருக்க வேண்டும்.

2. புதுப்பிப்புக்குக் கமிஷன் இல்லை என்று எழுதுங்கள்.

3. நீங்களோ உறவினரோ ஆள் பிடித்தால் கமிஷன் இல்லை என்று எழுதுங்கள். ‘வேறு யார் மூலமும் விடக் கூடாது’ என்ற ஷரத்துக்கு இணங்க வேண்டாம்.

4. உங்கள் சம்மதமின்றி எவ்வளவு ரூபாய் வரை ரிப்பேர் செய்யலாம் என வரம்பு வையுங்கள். அதற்கும் பில் தர வேண்டும்.

5. மாதந்தோறும் எழுத்து மூலம் கணக்குத் தர வேண்டும். கேட்டபோது கணக்குக் காட்டுவது முகவரின் சட்டக் கடமை.

6. உள்வாடகைக்கு விடவோ, உங்கள் பெயரில் கையெழுத்திடவோ உரிமையில்லை என எழுதுங்கள். பொது அதிகாரப் பத்திரம் கொடுக்கவே கூடாது.

7. ஒரு மாத முன்னறிவிப்பில் இருதரப்பும் விலகலாம் என்று இருக்கட்டும். காலத்தை மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு எனக் கட்டிப் போட்டால், இடையில் நீக்குவதற்கு நஷ்டஈடு கேட்பார்கள்.

ஆங்கிலத்தில் உள்ள தாளில், படித்துச் சொல்ல ஆளின்றிக் கையெழுத்திட வேண்டாம். தமிழில் ஒரு பிரதி கேளுங்கள். அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து வரும் தரகர் கர்நாடக முத்திரைத் தாளையும், வழக்குக்குப் பெங்களூர் நீதிமன்றம் என்ற ஷரத்தையும் கொண்டு வந்தால் ஏற்காதீர்கள். வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது. கர்நாடகத்தின் வாடகைச் சட்டம் வேறு.

சட்டம் தரும் துணை

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு எண் பெற வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைக் கவனிக்க மேலாளர் வைத்தால், அவருக்கு எந்த வேலைக்கு அதிகாரம் தரப்பட்டது என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓசூர் மாநகராட்சிக்குள் இச்சட்டம் பொருந்தும். ஊராட்சிப் பகுதியில் உள்ளவர்கள் தங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று வருவாய்த் துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது. ஒப்பந்தச் சட்டம் எல்லா ஊருக்கும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டப்படி தரகர் பதிவெண் பெற்றிருக்கலாம். அது விற்பனைக்கு உரியது, வாடகைக்கு அல்ல.

தகராறு வந்துவிட்டால்

வாய்ச் சண்டையால் பயனில்லை. முதலில் கணக்குக் கேட்டு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் கடிதம் அனுப்புங்கள். அதிகாரத்தை ரத்து செய்வதையும் எழுத்திலேயே தெரிவியுங்கள். அதே நாளில் குடியிருப்பவர்களுக்கும், இனி வாடகையை உங்களிடமே கட்டும்படி எழுதிக் கொடுங்கள். கோபத்தில் அவர்களுடைய தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் குற்றம் உங்கள் மேல் வரும். வசூலித்த பணத்தைத் தரகர் கையாடியிருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. பண பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டே கெடு. காலம் கடத்தக் கூடாது.

விதை வாங்கும்போது சீட்டைப் பார்க்கிறோம்; மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நிலத்தை அழித்துக் கட்டிய வீட்டை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, இரண்டு பக்கத் தாளை முழுதும் படிக்க ஒரு பொழுது செலவிடத் தவறக் கூடாது.