குழந்தை தூங்குகிறதா, கருவி தூங்குகிறதா?

அடுத்த அறையில் ஆறு மாதக் குழந்தை தூங்குகிறது. தாய் சமையலறையில் வேலையாக இருக்கிறார். அவர் அருகே, கைக்கு அடக்கமான ஒரு சிறு பெட்டி. அதிலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ‘நல்ல தூக்கம்’ என்று தாய் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் சத்தம் வராததற்கு வேறொரு காரணமும் இருக்கலாம் அல்லவா? பெட்டியின் பேட்டரி தீர்ந்து போயிருக்கலாம்!

இந்தக் கருவிக்குப் ‘பேபி மானிட்டர்’ என்று பெயர். உங்கள் வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ இதை வாங்கும்போது, “நீதான் விஞ்ஞானம் படிக்கிறாயே, எது நல்லது சொல்” என்று உங்களைக் கேட்கலாம். என்ன பதில் சொல்வீர்கள்?

முதல் கருவி

1932ஆம் ஆண்டு அமெரிக்காவில், புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் 20 மாதக் குழந்தை வீட்டு மாடியறையிலிருந்து கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது. நாடே பதறியது. இந்த நிகழ்ச்சி ஜெனித் வானொலி நிறுவனத்தின் தலைவர் யூஜின் மெக்டொனால்டைச் சிந்திக்க வைத்தது. 1937இல் அந்நிறுவனம் ‘ரேடியோ நர்ஸ்’ என்னும் கருவியை வெளியிட்டது. அதன் பேக்கலைட் கூட்டை வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. தொட்டிலருகே இருந்த பகுதி குழந்தையின் குரலை வீட்டு மின்கம்பிகள் வழியாகவே அடுத்த அறைக்கு அனுப்பியது. வேறு வானொலி ஒலிபரப்புகளும் நடுவே புகுந்து குழப்பின என்பதுதான் அதன் குறை.

அலையும் இடையூறும்

பின்னால் வந்த கருவிகளுக்குக் கம்பி தேவைப்படவில்லை. தொட்டிலருகே ஓர் ஒலிவாங்கியும் பரப்பியும். தாயிடம் ஓர் ஏற்பியும் ஒலிபெருக்கியும். இரண்டையும் இணைப்பது வானொலி அலை. பழைய வகைகள் பல 49 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கின. அலைநீளம் என்ன? ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 6 மீட்டர். ஒரே அலைவரிசையில் இரண்டு வீடுகள் கருவி வைத்திருந்தால் வேடிக்கைதான். அடுத்த வீட்டுக் குழந்தை அழ, இந்த வீட்டுத் தாய் ஓடுவார்!

இன்றைய டிஜிட்டல் கருவிகளில் ஒரு வகை, கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசிகளைப் போல 1,900 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. இன்னொரு வகை 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அதிர்வெண்ணில்தான் வேலை செய்கிறது. ஆகவே அடுப்பு ஓடும்போது இவ்வகைக் கருவிக்கு இடையூறு நேரலாம். இதைத் தவிர்க்க, பல கருவிகள் ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் நொடிக்குப் பலமுறை தாவிக்கொண்டே இருக்கின்றன. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும், எதிரி குலைக்க முடியாதபடி டார்பிடோவை வழிநடத்துவதற்காக, 1942இல் இத்தகைய தாவல் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள் என்பது சுவையான செய்தி.

இணையம் வழியாகப் படம் அனுப்பும் வகையும் உண்டு. தாய் வெளியூரிலிருந்தும் குழந்தையைப் பார்க்கலாம். ஆனால் கடையில் வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாவிட்டால், முன்பின் தெரியாத ஒருவரும் பார்க்கக்கூடும்.

முக்கியமான கேள்வி

இவற்றுள் நம்பகமானது எது? ‘தெளிவாகக் கேட்பது’ என்பீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதி இது: தான் பழுதானால் அதைத் தானே சொல்லும் கருவியே நம்பகமானது.

எப்படிச் சொல்லும்? குழந்தை அமைதியாக இருக்கும்போதும் பரப்பி, ‘நான் இருக்கிறேன்’ என்பதுபோல் சிறு சமிக்ஞைகளை விடாமல் அனுப்புகிறது. அது சிறிது நேரம் வராவிட்டால் ஏற்பி எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. தொடர்பு அறுந்தாலும், பேட்டரி தளர்ந்தாலும் தாய்க்குத் தெரிந்துவிடும். இந்த வசதி இல்லாத கருவியில், குழந்தையின் அமைதியும் கருவியின் பழுதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சோதித்துப் பாருங்கள்

1. பரப்பியைத் தொட்டில் இருக்கும் இடத்தில் வையுங்கள். நண்பர் ஒருவர் அதனருகே மெல்லிய குரலில் 1 முதல் 100 வரை எண்ணட்டும். நீங்கள் ஏற்பியுடன் வீடு முழுவதும் நடந்து, கேட்காமல் போன எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின்மேல் அச்சிட்ட தூரம் பெரும்பாலும் திறந்த வெளிக்கு உரியது. வெளியில்கூடத் தூரம் இரு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடும். சுவர்களோ அதை மேலும் உறிஞ்சும்.

2. மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால், அது ஓடும்போது திரும்ப எண்ணச் சொல்லுங்கள்.

3. பரப்பியை நிறுத்திவிட்டு, ஏற்பி எத்தனை நொடியில் எச்சரிக்கிறது என்று பாருங்கள். எச்சரிக்கவே இல்லையென்றால் அந்தக் கருவி வேண்டாம்.

4. ஏற்பியின் பேட்டரி ஓர் இரவு முழுவதும் தாங்குகிறதா என்றும் பாருங்கள்.

கருவி செய்ய முடியாதது

எவ்வளவு நல்ல கருவியானாலும் அது செய்தி சொல்லும், காப்பாற்றாது. தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்க இத்தகைய கருவிகளை நம்பக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. குழந்தையை மல்லாந்து படுக்க வைப்பதும், உறுதியான, சமமான படுக்கையும், அதில் தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல் இருப்பதுமே முக்கியம் என்பது அதன் அறிவுரை. கருவியின் மின்கம்பியும் ஆபத்தானதே. குழந்தை அதை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ள நேரிடலாம். ஆகவே தொட்டிலிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளியே கருவியையும் கம்பியையும் வைக்க வேண்டும்.

இனி யாராவது உங்களிடம் யோசனை கேட்டால், முதலில் இதைக் கேளுங்கள்: “இந்தப் பெட்டி பேசாமல் இருந்தால், என்ன காரணம் என்று நமக்கு எப்படித் தெரியும்?” வானூர்தி முதல் மருத்துவமனைக் கருவி வரை, மனித உயிரைக் காக்க நிற்கும் எந்தக் கருவியைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி அது.