போர் தண்ணீரும் பழுப்புப் பற்களும்

பத்து வயது மகனுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மூன்று வயது மகளுக்கும் இப்படி வருமா? – ஒரு வாசகி, பென்னாகரம்

சரியாகத் தேய்க்காததால் வந்ததல்ல இது, சகோதரி, மகனைத் திட்டாதீர்கள். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம்; கறைக்கு அதுவே காரணம். காய்ச்சினாலும் போகாது, இன்னும் செறிவாகும். இதற்காகவே தமிழக அரசு ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை அமைத்து 2013-இல் தொடங்கியது. மகளுக்குக் குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் அந்தத் திட்டத்தில் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே எடுங்கள். நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் எட்டு வயது வரை இதில் கண்டிப்பாக இருங்கள். அவள் பற்களைக் காப்பாற்ற இன்னும் காலம் இருக்கிறது. மகனை அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள்; கறையைக் குறைக்க வழியுண்டு. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வரவில்லையென்றால், அடுத்த கிராம சபையில் தயங்காமல் எழுந்து கேளுங்கள், மனுவாகவும் கொடுங்கள்.