ஆண்டிறுதி வார இறுதிகள்: கிழக்குக் கரையை விடுங்கள், மேற்கே போங்கள்

பள்ளி விடுமுறையும் வடகிழக்குப் பருவமழையும் சிங்கப்பூருக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் வந்து சேரும். கைக்குழந்தையோ பாலர் பள்ளிப் பிள்ளையோ இருக்கும் வீட்டில், வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் திட்டம் இந்த மாதங்களில் நிறையவே போடப்படும். ஹோட்டல் விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் இடம் எந்தக் கரையில் இருக்கிறது என்று பாருங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தென்சீனக் கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் நேராக மோதுகிறது. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் இந்த மாதங்களில் மூடிவிடுகின்றன. படகுகளும் குறைந்துவிடும், அலை பெரிதானால் அதுவும் ஓடாது. தாய்லாந்தின் கோ சமூயிக்கும் நவம்பர்தான் மழை மிகுந்த மாதம். “ஆஃபர் நன்றாக இருக்கிறது” என்று யாராவது இந்தப் பெயர்களை அனுப்பினால், விலை குறைந்ததற்குக் காரணம் இதுதான். தேசாரு திறந்திருக்கும், ஆனால் அதுவும் கிழக்கு நோக்கிய கடற்கரை. நீச்சல் குளத்துக்காகப் போகலாம். கடலில் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரில்கூடப் பிள்ளையை நிறுத்த வேண்டாம்.

தீபகற்பத்தின் நடுவே ஓடும் தித்திவாங்சா மலைத்தொடர் இந்தக் காற்றைத் தடுத்துவிடுவதால் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிக்கிறது. நவம்பரில் அங்கும் பிற்பகல் இடிமழை உண்டு. டிசம்பர் நடுவிலிருந்து வடமேற்கே, லங்காவி பக்கம், வானம் நன்றாகவே வெளுக்கும். ஆகவே நவம்பரில் கூரையுள்ள ஊர்ப் பயணம், கடல் டிசம்பர் பிற்பாதிக்கு.

நவம்பருக்கு என் முதல் சிபாரிசு மலாக்கா. சிங்கப்பூரிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர், நெரிசல் இல்லையென்றால் மூன்று மணி நேரம். 2008இல் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு. நான்கு வயதுப் பிள்ளைக்கு மலாக்கா என்றால் டிரைஷாதான். பிளாஸ்டிக் பூவும் ஹலோ கிட்டியும் பிக்காச்சுவும் தொங்க, ஸ்பீக்கரில் பாட்டு அலற, சிவப்புச் சதுக்கத்தைச் சுற்றி வரும் அந்த வண்டியில் ஒருமுறை ஏற்றிவிட்டால் அன்றைய கோட்டா முடிந்தது. ஏறும் முன் பேரம் பேசிவிடுங்கள். பக்கத்திலேயே கடல்சார் அருங்காட்சியகம், 1511இல் மூழ்கிய போர்த்துகீசியக் கப்பலின் மாதிரிக்குள் ஏறி இறங்கலாம். மழை வந்தாலும் கவலையில்லை. ஆற்றுப் படகு சவாரியை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நேரம் கிடைத்தால் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போங்கள். 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் அங்கே இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகம் செய்ய வந்து, இங்கேயே மணம் முடித்துத் தங்கிய மலாக்கா செட்டிகளின் கோயில். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது பிள்ளையாரை. பாட்டி தாத்தாவும் கூட வருகிறார்கள் என்றால் இந்தத் தெருவை விட்டுவிடாதீர்கள். ஜோங்கர் தெரு இரவுச் சந்தைக்கு மட்டும் ஸ்ட்ரோலர் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அதை உருட்ட முடியாது, பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ளுங்கள்.

லெகோலேண்ட் எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வரும். துவாஸ் பாலம் தாண்டியதும் வந்துவிடும், வசதிதான். ஆனால் ஜோகூர் தென்கோடியில் இருப்பதால் மலை தரும் பாதுகாப்பு அதற்கு இல்லை. இடி இடித்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். உயரக் கட்டுப்பாடும் இருப்பதால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை பாதிச் சவாரியை வெளியே நின்றுதான் பார்க்கும். அந்த வயதுக்கு இவ்வளவு பணம் வீண் என்பது என் கருத்து. ஐந்து வயதுக்கு மேல் என்றால் காலையில் திறக்கும்போதே உள்ளே போய், மழை கட்டியதும் பக்கத்து சீ லைஃபுக்குள் நுழைந்துவிடுங்கள்.

கோலாலம்பூர் மழைக்கு நல்ல ஊர். இரட்டைக் கோபுரத்தடியில் பெட்ரோசைன்ஸ், மாநாட்டு மையத்தில் அக்வாரியா என்று இரண்டையும் நனையாமலே பார்க்கலாம். பத்துமலைக்கு 272 படி, ஸ்ட்ரோலரைக் கீழேயே விடவேண்டும். கேமரன் மலையை வார இறுதிக்கு நினைக்கவே வேண்டாம். தொலைவும் கூட, மழையில் மண்சரிவும் உண்டு. பிந்தான் படகு ஒரு மணி நேரம்தான், ஆனால் இந்தக் காலத்துக் கடலில் பிள்ளை வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம். பாத்தாம் வழி கொஞ்சம் அமைதியானது.

டிசம்பர் பிற்பாதிக்கு லங்காவி. விமானம் ஒன்றரை மணி நேரம். தரையிறங்கும்போது காதடைப்புக்குக் கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு உறிஞ்சிக் குடிக்க ஏதாவது. இரண்டு வயது நிறையும் தேதி திரும்பும் பயணத்துக்கு முன் வந்தால் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். செனாங் கடற்கரை ஆழம் குறைவு, மணல் மெத்தென்று இருக்கும். ஒரே எச்சரிக்கை, பெட்டி ஜெல்லிமீன். முழுக்கை நீச்சலுடை போடுங்கள். கொட்டினால் தேய்க்கவும் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. வினிகரை அரை நிமிடமாவது ஊற்றிக்கொண்டே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். ஒரு சின்ன வினிகர் பாட்டிலைக் கடற்கரைப் பையிலேயே வைத்திருங்கள்.

எங்கே போனாலும் கொசு மருந்து வேண்டும். டீட் கலந்ததை இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூசக்கூடாது, ஸ்ட்ரோலருக்கு வலை போடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், காய்ச்சல் மருந்து, வெப்பமானி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

காரில் போகிறவர்கள் இந்த வாரமே பார்க்க வேண்டியவை: மலேசிய வாகன நுழைவு அனுமதி, டச் அன் கோ அட்டையில் பணம், கடப்பிதழ்களுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத ஆயுள். சிங்கப்பூர் அல்லது மலேசியக் கடப்பிதழ் இல்லாதவர்கள் மலேசிய மின்னியல் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புங்கள். எல்லை தாண்டும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் கட்டாயம். நம் சோதனைச்சாவடியில் கியூஆர் குறியீடு போதும், அந்தப் பக்கத்துக்காகக் கடப்பிதழும் கையில் இருக்கட்டும்.

வெள்ளி மாலை பாலத்தில் இரண்டு மணி நேரம் நிற்பது சாதாரணம். நகராத காரில் “அம்மா, ஊச்சா” என்று கேட்டால் இறங்க இடமில்லை, அதனால் மூடியுள்ள ஒரு டப்பாவும் ஒரு பேம்பர்ஸும் முன் இருக்கைக்குக் கீழே இருக்கட்டும், பயிற்சி முடிந்த பிள்ளையாக இருந்தாலும். முடிந்தால் சனிக்கிழமை விடியும் முன் பிள்ளையைத் தூக்கத்திலேயே காரில் போட்டுக் கிளம்புங்கள். ஞாயிறன்று மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மலாக்காவை விட்டால் பிள்ளை வழியில் தூங்கும். இருட்டிய பிறகு பாலத்தில் சேரும் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கலாம்.