தரவுப் பணிகளில் காலக்கெடு எச்சரிக்கை: எல்லைப்புற ஊராட்சிகளிலிருந்து ஒரு பாடம்

திட்டத்தில் செலவாகும் பணத்தைக் கணக்கிடும் அளவுக்கு, அதில் கழியும் நாட்களை நாம் கணக்கிடுவதில்லை. முன்னாளில் மேசைமீது குவிந்த கோப்புகளே தாமதத்தை அறிவித்தன. தரவுகள் கணிப்பொறி வழியே ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாமாகவே செல்லும் இந்நாளில், தேக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே காலக்கெடு எச்சரிக்கை இன்றியமையாததாகிறது. அதனை எங்கே, எப்பொழுது, யாருக்கு எழுப்புவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஊதியம் செல்லும் பாதை

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழகத்தார் ‘நூறு நாள் வேலை’ என்றும், கேரளத்தார் ‘தொழிலுறப்பு’ என்றும் வழங்கிய இத்திட்டம், பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி, சித்தூர்ப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் மலைப்பகுதியிலும் பழங்குடியினர், தமிழ் பேசும் தொழிலாளர் முதலியோருக்கு வேலை அளித்தது. வேலை செய்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி.

மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பட்டியல் முடிந்ததும், செய்த வேலை அளக்கப்படும். ஊதியப் பட்டியல் உருவாகும். இரு அலுவலர் மின்னணுக் கையொப்பமிட்டதும் நிதி மாற்று ஆணை பிறக்கும். இவ்வளவும் 8 நாட்களுக்குள் முடிய வேண்டும். இது மாநிலத்தின் பொறுப்பு. அதன்பின் மத்திய அரசின் நிதி வழியாகப் பணம் தொழிலாளியின் வங்கிக் கணக்கை அடையும்.

பாதிவழியில் நின்ற கடிகாரம்

கெடு தவறினால், கழியும் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவை ஊதியத்தில் 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு. ஆனால் கணிப்பொறி இரண்டாம் கையொப்பம் வரையிலான தாமதத்தையே கணக்கிட்டது. அதன்பின் பணம் எத்தனை நாள் தேங்கினும் அது கணக்கில் ஏறவில்லை. ஏட்டளவில் குறித்த காலத்தில் முடிந்த பணியின் ஊதியம், தொழிலாளியின் கைக்கு வராதிருக்கலாம். ஸ்வராஜ் அபியான் வழக்கில் 2018 மே 18 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிற்பகுதித் தாமதத்திற்கும் இழப்பீடு உரியது எனத் தெளிவுபடுத்தியது. கடிகாரம் பயனாளியின் கையில் பொருள் சேரும் வரை ஓட வேண்டும் என்பது இதிலிருந்து பெறும் முதற்பாடம்.

எச்சரிக்கை அமைக்கும் முறை

1. கடிகாரம் களநிகழ்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும். தரவு பதியப்பட்ட நாளிலிருந்து எண்ணினால், பதிவதில் நேர்ந்த தாமதமே மறைந்துவிடும். வருகைப் பட்டியலின் முடிவு நாள் முன்னரே குறிக்கப்பட்டிருப்பதால், தரவு எந்நாளில் வரவேண்டும் என்பது கணிப்பொறிக்குத் தெரியும். வராமையையும் அது எச்சரிக்கையாக அறிவித்தல் வேண்டும்.

2. எச்சரிக்கை கெடுவுக்கு முன்னரே எழ வேண்டும். 8ஆம் நாளில் ஆணை பிறக்க வேண்டுமாயின், அளவீடு முடியாமையை 4ஆம் நாளிலேயே அறிவித்தால்தான் எஞ்சிய பணிகளுக்கு அவகாசம் கிட்டும்.

3. செய்தி முதலில் செயல்பட வல்லவருக்குச் செல்ல வேண்டும். அளவீட்டுக்கு மேற்பார்வையாளர், கையொப்பத்துக்கு அதற்குரிய அலுவலர். ஒருநாள் கழிந்தும் பணி நகராவிடில் மேலலுவலருக்குச் செல்லட்டும். எல்லாச் செய்தியும் எல்லாருக்கும் போனால் எவரும் படிக்கமாட்டார்.

4. உள்ளூர் நிலைமை கணக்கில் வேண்டும். கேரளத்தில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை பெறும் மாவட்டங்களுள் இடுக்கியும் பாலக்காடும் அடங்கும். மாநிலம் முழுமைக்கும் பொதுவான நாட்காட்டி இதனை அறியாது. சட்டத்தின் 15 நாட்களோ விடுமுறைக்காக நீள்வதில்லை. ஆகவே எச்சரிக்கையே முன்னகர வேண்டும்.

5. தரவு வராத வழியிலேயே எச்சரிக்கையையும் அனுப்புதல் பயனற்றது. 2023 சனவரி முதல் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியே கட்டாயமாக்கப்பட்டது. மலைச்சரிவுகளில் கைப்பேசித் தொடர்பு எங்கும் சீராகக் கிட்டுவதில்லை. அத்தகைய இடத்தில் நேரில் சென்று விசாரிக்கும் பொறுப்பு ஒருவருக்கு முன்னரே ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இழப்பீடா, முன்னறிவிப்பா?

2024-25இல் கேரளத்தில் இத்திட்டத்தின் நாளூதியம் 346 ரூபாய். ஆறு நாள் ஊதியம் 2,076 ரூபாய். பத்து நாள் தாமதத்திற்கு உரிய இழப்பீடு 10 ரூபாய் 38 காசு மட்டுமே. அந்தப் பத்து நாளும் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கும் குடும்பத்திற்கு இத்தொகை ஈடாகாது. தாமதத்தைப் பின்னர் அளப்பதிலும், அதனை முன்னர்த் தடுப்பதே பொருளாதார நோக்கில் சிறந்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இச்சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. எனினும் இப்பாடம் ஒரு சட்டத்தோடு முடிவதன்று. ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை, பயிர்க் காப்பீடு ஆகிய எத்திட்டத்திலும் மாணவரும் அலுவலரும் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இறுதிப் பயனாளியிடம் சேராத பொருளைப் பற்றி, சேர்ப்பிக்க வல்லவருக்கு, காலம் எஞ்சியிருக்கும்போதே செய்தி எட்டுகிறதா?