சமைக்கத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியுமா?



"முப்பது வருசமா சமைக்கிறேன், எனக்கு எதுக்குப் பயிற்சி?" உணவுத் தொழில் பயிற்சி என்று கூட்டத்தில் சொன்னாலே முதலில் வரும் கேள்வி இதுதான். நாங்களும் அப்படிக் கேட்டவர்கள்தான்.

நம்ம பக்கம் ஆட்கள் வராமல் இல்லை. ஏர்வாடி தர்காவுக்கும், உத்தரகோசமங்கைக்கும், சேதுக்கரைக்கும் வருசம் பூரா வருகிறார்கள். அப்படி வந்த 60 பேருக்கு மதியச் சாப்பாடு செய்து தருவதாக எங்கள் குழுவில் நாலு பேர் ஒத்துக்கொண்டோம். மீன் குழம்போடு சாப்பாடு 120 ரூபாய். மொத்தம் 7,200 ரூபாய் கைக்கு வந்ததும் ரொம்ப சந்தோசம்.

பிறகு உட்கார்ந்து எழுதினோம். மீன் 2,600, அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் 2,400, கேஸ் 700, ஆட்டோ 500, இலையும் தண்ணீரும் 500. ஆக 6,700. உள்கடன் 5,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 100. மிச்சம் 400 ரூபாய். நாலு பேர், இரண்டு நாள் வேலை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய்! கூலி வேலைக்குப் போயிருந்தால்கூட இதைவிட அதிகம் கிடைத்திருக்கும்.

ருசியில் யாரும் குறை சொல்லவில்லை. எங்கள் உழைப்புக்கு விலை போடாமல் பேசினதுதான் தப்பு. மீன் வாங்கும்போது ஒரு கிலோ, தலையும் செதிலும் குடலும் போனால் எவ்வளவு தேறும் என்றுகூட நாங்கள் நிறுத்துப் பார்த்ததில்லை. இப்போது விலை சொல்வதற்கு முன்பே நோட்டில் ஐந்து வரி எழுதுகிறோம்: சரக்கு, எரிபொருள், வண்டி, கூலி, வட்டி. அதற்கு மேல்தான் லாபம்.

அளவும் அப்படித்தான். கீழக்கரை தொதல் என்றால் வெளியூரிலும் தெரியும். தேங்காய்ப்பால், அரிசி மாவு, இனிப்பு சேர்த்து மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். எண்ணெய் பிரிந்து, கையில் ஒட்டாமல் வரும் அந்தப் பதம் பெரியம்மாக்களின் கண்ணில் இருக்கிறது, தாளில் இல்லை. பக்கத்தில் நின்று கிண்டிப் பழகினால்தான் வரும். ஆனால் "ஒரு கை மாவு" என்பதை கிராமாக எழுதி வைக்காவிட்டால் போன வாரம் வாங்கினவருக்கு இந்த வாரம் அதே ருசி கிடைக்காது.

நம்ம மாவட்டத்திலேயே தொண்டி பக்கம் காரங்காட்டில் வனத்துறையோடு சேர்ந்து ஊர்க்காரர்கள் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், பெண்கள் கடல் உணவு சமைத்துத் தருகிறார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்து வருவது பத்து வகுப்புக்குச் சமம்.

கேரளாவில் குமரகத்தில் 2008-ல் குடும்பஸ்ரீ பெண்கள் ஓட்டல்களுக்குக் காய்கறி கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் சரக்கு பத்தவில்லை, விலையில் தகராறு. பிறகு விலைக்கும் தரத்துக்கும் தனித்தனிக் குழு வைத்து, எந்த மாதம் எது வேண்டும் என்று கேட்டுப் பயிரிட்டார்கள். அவர்களும் நட்டப்பட்டுத்தான் கற்றார்கள்.

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி உண்டு. ஆனால் யாரை அனுப்புகிறோம்? எப்போதும் ஊக்குநரே போய் சான்றிதழ் வாங்கி வருகிறார். (எங்கள் ஊக்குநர் கோபிக்க வேண்டாம்.) அடுப்படியில் நிற்கிறவர் இரண்டு பேர் போகட்டும். ஒருவர் கல்யாணமாகி வெளியூர் போனாலும் மற்றவர் இருப்பார். திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் மற்றவர்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

உணவு விற்கிறவர்கள் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், வீட்டில் செய்து விற்றாலும்தான். எண் இல்லாத பாக்கெட்டைக் கடைக்காரர் வாங்கத் தயங்குவார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடைசியாக நீங்கள் செய்து கொடுத்த ஆர்டரின் செலவை எழுதிக்கொண்டு வாருங்கள். கூலி வரி காலியாக இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.