முற்பணம் கொடுத்த பிரிட்ஜ் யாருடையது?

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்து, பிலிமத்தலாவையில் ஒரு வீட்டிலிருந்து பாவித்த பிரிட்ஜ் ஒன்றை 38,000 ரூபாவுக்கு வாங்கினேன். வியாழக்கிழமை 5,000 ரூபா முற்பணம் வங்கியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மிகுதியைக் கொடுத்து, நான் பிடித்த பட்டா லொறியில் ஏற்றி வந்தேன். வீட்டில் இறக்கியபோதுதான் பின்பக்கம் பெரிய நெளிவு தெரிந்தது. முந்திய புதன்கிழமை விற்றவர் அனுப்பிய வீடியோவில் அது இல்லை. பிரிட்ஜ் குளிரவும் இல்லை. "பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்கிறார். பணத்தைத் திரும்பப் பெறலாமா?
- வாசகி, கட்டுகஸ்தோட்டை

பதில்: சகோதரி, வியாழன் முதல் ஞாயிறு வரை அந்தப் பிரிட்ஜ் யாருடைய பொருள் என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, பொருள் யாருக்குச் சொந்தமோ அதற்கு நேரும் சேதமும் பொதுவாக அவரையே சேரும். குறிப்பிட்ட ஒரு பொருள் கொடுக்கத் தயாராக இருந்தால், பேச்சு முடிந்தவுடனேயே வாங்குபவருக்குச் சொந்தமாகிவிடும். பணமும் பொருளும் பிறகு கைமாறினாலும் அப்படித்தான். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக எண்ணியிருந்தால் அந்த எண்ணமே செல்லும். "ஞாயிறு வந்து பார்த்துவிட்டு எடுக்கிறேன்" என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், ஞாயிறு வரை பிரிட்ஜ் அவருடையது என்று வாதிட நல்ல இடம் உண்டு. அப்படி எழுதாவிட்டாலும், உங்கள் பொருளைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் அதைக் கவனமாகப் பாதுகாக்கக் கடமைப்பட்டவர்.

லொறியில் ஏற்றிய பிறகு நெளிந்திருந்தால் பொறுப்பு உங்களுடையது. சாரதியிடம் இன்றே பேசுங்கள். ஏற்றும்போதே நெளிவைக் கண்டதாக அவர் எழுதித் தந்தால் உங்கள் பக்கம் பலமாகும். பிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தீர்களா? படுக்கவைத்தால் கம்பிரசர் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். நிமிர்த்திச் சில மணி நேரம் காத்திராமல் மின்சாரம் கொடுத்தால் பழுதாகலாம். எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் கேட்கும். ஆகவே குளிராததற்கு விற்றவரைப் பொறுப்பாக்குவது நெளிவைவிடக் கடினம். திருத்துபவர் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பழுது பழையதா புதியதா என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

"பார்த்துத்தானே எடுத்தீர்கள்" என்பது முழுப் பதில் அல்ல. வீட்டுக்காரர் ஒருவர் தன் பழைய பொருளை விற்கும்போது அதன் தரத்துக்குச் சட்டம் தானாக உத்தரவாதம் வைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அவர் வாயால் சொன்னது அவரைக் கட்டும். "ஹொந்தட்ட வெட கரனவா" (நன்றாக வேலை செய்கிறது) என்று சிங்களத்தில் அனுப்பியிருந்தாலும் அது வாக்குத்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருப்பதால், கைத்தொலைபேசிச் செய்தி என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

அவர் பழைய பிரிட்ஜ்களை வாங்கித் திருத்தி விற்பவரா என்றும் விசாரியுங்கள். வியாபாரி என்றால் தரத்துக்கும் பொதுவாகப் பொறுப்பு அவருடையதே. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நாள் கடத்தாதீர்கள். பேசாமல் வைத்திருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டஈடு மட்டுமே கேட்கலாம். இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: நெளிவு, குளிராமை, கேட்கும் தொகை, பதிலுக்கு 14 நாள். தமிழிலேயே எழுதலாம், சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்தால் அவருக்குச் சாக்குச் சொல்ல இடமிராது.

பதில் வராவிட்டால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இத்தகைய சிறு தொகைப் பிணக்கு நீதிமன்றம் போகுமுன் அங்கே போகவேண்டும். அவர் யட்டிநுவரப் பிரிவில் வசிப்பதால் அந்தப் பகுதிச் சபைக்கு விண்ணப்பியுங்கள். அங்கே உங்களுக்காக வழக்கறிஞர் பேச முடியாது. ஆகவே செய்திகளை அச்சிட்டுத் தேதி வரிசையில் கொண்டுபோங்கள். நெளிவுக்கு ஒரு தொகையும் திருத்தச் செலவில் பாதியும் தர அவர் இணங்கினால் நான் ஏற்றுக்கொள்ளவே சொல்வேன். 38,000 ரூபாவுக்காக நீதிமன்றத்துக்கு அலையும் நாட்களுக்கு உங்கள் சம்பளமே போய்விடும். இணங்காவிட்டால் சபை தரும் சான்றிதழுடன் வழக்குத் தொடரலாம். வசதி குறைவென்றால் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள்.