கணினிக்கு எந்த எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம்?



கல்வி உதவி கேட்டு நமக்கு வரும் மனுக்களில் இப்போது கணினியும் சேர்ந்துவிட்டது. கணினி வாங்கப் போகும் பெற்றோர் பிராசசர், ரேம், ஹார்ட் டிஸ்க் எல்லாம் விசாரிக்கிறார்கள். அத்தனைக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கடைக்காரரும் இருப்பதிலேயே மலிவானதைப் பொருத்தி அனுப்பிவிடுகிறார். முல்லா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் படிப்பு, தூக்கம், தொழுகை எல்லாம் ஒரே அறையில்தான். பரீட்சை நேரத்தில் பிள்ளை நள்ளிரவு வரை கணினி முன் இருந்தால், பக்கத்தில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கு உறக்கம் போகிறது. அந்த இரைச்சலில் பெரும்பங்கு பல வீடுகளில் இந்தப் பெட்டியின் விசிறியிலிருந்து வருவதுதான்.

விசிறி ஏன் இரைகிறது? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை இந்தப் பெட்டி முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு டிரான்ஸ்பார்மர் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டுகளாகக் குறைத்துத் தருகிறது. இந்த வேலையில் வீணாகும் மின்சாரம் முழுவதும் சூடாக மாறுகிறது. சூட்டை வெளியே தள்ளத்தான் விசிறி. ஆகவே வீண் குறைந்தால் சூடு குறையும், விசிறியும் மெதுவாகச் சுற்றும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண வீட்டுக் கணினியின் உள்பாகங்களுக்கு 80 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத் திறன் உள்ள பெட்டி அதற்காகச் சுவரிலிருந்து 114 வாட் இழுக்கும். 34 வாட் வெறும் சூடு. 85 சதவீதத் திறன் உள்ளது 94 வாட் இழுக்கும்; சூடு 14 வாட்தான். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் மிச்சம் 48 யூனிட். உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகை வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதில் உண்மையான லாபம் அமைதியும் கருவியின் ஆயுளும்தான்.

திறனை அறிய '80 பிளஸ்' என்ற முத்திரை இருக்கிறது. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கியது. சாதாரண முத்திரைக்கு மேல் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டானியம் என்று படிகள். 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமைக்கு பிரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் தர வேண்டும். நம் கருத்தில் படிக்கும் பிள்ளையின் கணினிக்கு பிரான்ஸ் போதும். கோல்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ரேமுக்கோ எஸ்.எஸ்.டி.க்கோ கொடுப்பது மேல். இன்னொன்று, இந்தச் சோதனை சுமார் 23 டிகிரி அறையில் நடப்பது. நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் அப்படியொரு அறை ஏது? எனவே 40 அல்லது 50 டிகிரி வரை முழுத்திறன் தரும் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வாட்டை மட்டும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். வெளியே 450 என்று போட்டு, 12 வோல்ட்டில் 16 ஆம்பியர்தான் என்றால் அது 192 வாட். இன்றைய கணினி பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அதற்காக 750 வாட் பெட்டி வாங்கவும் வேண்டாம். மிகக் குறைந்த சுமையில் திறன் இறங்கிவிடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு நல்ல தரத்தில் 400, 450 வாட் தாராளம். விசிறி பின்புறம் சிறியதாக இருப்பதைவிட, ஒரு பக்கம் முழுவதும் அடைக்கும் 120 மில்லிமீட்டர் விசிறி நல்லது. அதே அளவு காற்றைத் தர அது மெதுவாகச் சுற்றினால் போதும்.

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய அலுவலகக் கணினி வாங்குவோர் கவனிக்க: டெல், எச்.பி., லெனோவா கணினிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். அளவும் இணைப்பு முனையும் வேறு. சந்தையில் கிடைக்கும் ஏ.டி.எக்ஸ். பெட்டி பொருந்தாது. அவற்றில் பல ஏற்கெனவே அமைதியானவை, திறன் மிக்கவை. தூசு அடைந்திருந்தால் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பிரான்சிலுள்ள உறவினர் கொண்டுவரும் கணினிகளும் நம் வீடுகளில் உண்டு. அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; மின்சாரத்தில் தொல்லை இல்லை. ஆனால் அங்கே எர்த் முள் சுவர் சாக்கெட்டில் இருக்கிறது, பிளக்கில் வெறும் துளை. அந்த பிளக்கை நம் சாக்கெட்டில் செருகினாலும் சாதாரண அடாப்டரில் போட்டாலும் எர்த் இணைப்பு கிடைப்பதில்லை. கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்பது இதனால்தான். நம்மூர் மூன்று முள் வயர் ஒன்று வாங்கி மாற்றுங்கள். சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டியின் பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால், 230-இல் இருப்பதை உறுதிசெய்த பிறகே செருகவும். 115-இல் இருந்தால் டமால்தான்.

தானே புயலும் (2011) ஃபெஞ்சலும் (2024) பார்த்த ஊர் நமது. இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைந்துவிட்டது. மின்சாரம் போன பிறகு எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி வினாடிதான். அதனால் இன்வெர்ட்டரின் பின்னாலுள்ள சுவிட்சை 'யூ.பி.எஸ்.' நிலையில் வையுங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள நல்ல பெட்டிகள் சதுர அலை இன்வெர்ட்டரில் முரண்டு பிடித்து அணைந்துவிடக்கூடும். அவற்றுக்கு சைன் வேவ் இன்வெர்ட்டரே தோதானது.

கடற்காற்றும் தூசும் சேர்ந்தால் விசிறி இறுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயரைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தே புளோயரால் ஊதுங்கள். பெட்டியைத் திறக்க மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.